எண்பதுக்குள் அடங்காத நாடி

"எண்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு, கணவரின் மணிக்கட்டை விட்டாள் மனைவி.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த விசில் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பதுக்குள் இருந்தாக வேண்டும். ஐம்பதைத் தாண்டிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கெல்லாம் திங்கட்கிழமை உடல்தகுதிச் சோதனை. ஓய்வாக இருக்கும்போது நாடி எண்பதைத் தாண்டினால் மைதானத்தில் இறங்கக்கூடாது. நூலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்களாம். கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளை ஓடவிட்டும் தாண்டவிட்டும் மதிப்பெண் போட்ட மனிதர் அவர். நூலகத்தில் விசில் ஊதவும் முடியாது.

"சரியா எண்ணினியா?"

"ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேங்க. எனக்கென்ன பதற்றம்? நான் கல்லு மாதிரி இருக்கேன். நீங்கதான் உள்ளுக்குள்ள என்னமோ நினைச்சுக்கிட்டே இருக்கீங்க."

தன் நாடியைத் தானே எண்ணிக்கொள்ள அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருந்தால் எண் ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. அளக்கப்படுபவர் அளப்பவரைப் பார்க்கவும் கூடாது. அதனால்தான் சுவர்ப்பக்கம் முகம், மூடிய கண். மச்சினன் தன் கடையிலிருந்து நாடி காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தபோது அதைக் கட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருவியை நம்பாதே, விரலை நம்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது.

கடிகாரம் விலைபோகாத மச்சினன் யோசனை சொல்லிவிட்டுப் போனான். "காபியை விட்டுடுங்க மாமா. தானா இறங்கிடும்."

மாஸ்டர் அன்றே காபியை விட்டார். மனைவிக்குக் கை பழகிய அளவு இரண்டு பேருக்கானது. பழக்கதோஷத்தில் கலந்துவிட்ட அவர் பங்கையும், கொட்ட மனசில்லாமல், அவளே குடித்துவிட்டு வந்து நாடியைப் பிடித்தாள்.

தொண்ணூற்று மூன்று.

காபி போதாது, உழைப்பையும் குறைக்க வேண்டும் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். துவைத்த துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவது, கடைக்குப் போவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அதுவரை அவர் வேலை. இப்போது அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வீட்டு வேலை மட்டும் ஓய்வெடுக்குமா? மனைவி வாளியோடு மூன்று மாடி ஏறி இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து எண்ணினாள்.

தொண்ணூற்றொன்பது.

படுத்தே கிடந்தும் ஏறுகிறதே என்று மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். மல்லாந்து யோசித்ததில் ஒரு காரணம் பிடிபட்டது. அவள் அளக்க வருகிறாள் என்று தெரிந்ததுமே மனசு அலைபாய்கிறது, அதுதான் கோளாறு. மனசு அடங்கியிருக்கும் கணத்தைக் கோழி அமுக்குவதுபோல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே புது ஏற்பாடு: தான் அமைதியாக இருப்பதாகத் தோன்றும்போது அவர் ஒரு விசில் கொடுப்பார். அவள் எங்கே இருந்தாலும், அந்த அமைதி கலைவதற்குள், ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் விசில் சத்தம். அடுப்படியிலிருந்து ஒரு ஓட்டம், மாடியிலிருந்து ஒரு ஓட்டம், குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஒரு ஓட்டம். கால் நூற்றாண்டில் எந்த மாணவனும் அவர் விசிலுக்கு அவ்வளவு வேகமாக ஓடிவந்ததில்லை. அன்றைக்கு நூறுக்குக் கீழே ஒரு எண்ணும் வரவில்லை. கடைசியாக எண்ணியது நூற்றேழு.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சோறு வேண்டாம் என்றுவிட்டார். மார்பில் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே இப்படி அடித்துக்கொள்கிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம். நாற்காலிக் கவலை போய் இப்போது உயிர்க் கவலை வந்திருந்தது.

மனைவியை உட்காரச் சொன்னார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ உன் தம்பி வீட்டோடு போய்விடு, மைதானத்து அறைச் சாவி என் நீலச் சட்டையில் இருக்கிறது, புதுப் பந்துகளைப் பூட்டியே வைக்காமல் விளையாடக் கொடுக்கச் சொல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். கையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். நூற்றுப் பதினான்கு. எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை. இந்தக் கல்லாவது கூட இருக்கிறதே என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

திங்கட்கிழமை சோதனை அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் கடைசியாக ஒருமுறை பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு. பெயர் கூப்பிட்டதும் மாஸ்டர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அங்கிருந்த நர்ஸ் சிரித்த முகக்காரி. அவரைப் படுக்கவைத்து, சும்மா இருக்கச் சொல்லி, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள்.

"அறுபத்தாறு. பிரமாதம் சார். கிளம்பலாம்."

வேறு ஆளாக இருந்தால் கிளம்பியிருப்பார். மாஸ்டர் அசையவில்லை. தவறான அளவை வைத்து ஒரு மாணவனையும் அவர் தேறவைத்ததில்லை. தன்னை மட்டும் எப்படித் தேறவைப்பது? மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் அறுபத்தாறு. உங்கள் கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்று கேட்டார். நர்ஸின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வரிசையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள்.

"என் மனைவி வெளியே இருக்கா. ஒரு தடவைகூட எண்பதுக்குக் கீழ வந்ததில்லை. அவளைக் கேளுங்க."

மனைவி உள்ளே வந்தாள். எப்படி எண்ணுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள் நர்ஸ். மாஸ்டர் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அவர் கையைப் பிடித்தாள், உதடு அசைய எண்ணினாள். ஒரு நிமிடம் ஆனது.

"நூத்து இருபத்தினாலு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

நர்ஸ் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாஸ்டரின் தோளைத் தட்டினாள்.

"கட்டை விரலை வச்சு எண்ணினா எண்ணுறவங்க நாடிதான் தெரியும். எழுந்திருங்க சார், அம்மா படுக்கட்டும்."