சாஸ் ஆலையில் கெண்டை மீன்

தொட்டியில் விட்ட கெண்டை மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தக்காளி சாஸ் ஆலையின் மேலாளர் ஒரு குச்சியால் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

சுத்திகரித்த கழிவுநீரில் மீன் விட்டுக் காட்டுவது ஆலை வழக்கம். மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தம். ஆனால் சுத்திகரிக்கும் மெஷினை மேலாளர் எப்போதோ நிறுத்திவிட்டார். கரண்டு செலவைக் குறைத்த கெட்டிக்காரர் என்று முதலாளியிடம் பெயரும் வாங்கிவிட்டார். எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது கால்வாய்க்கரை ஜனங்களுக்குச் சொறியும் வயிற்றுப்போக்கும் வந்து புகார் போகும்வரை ஓடியது.

நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சோதனைக்கு வருகிறார்.

"ரிப்போர்ட் கெட்டுச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"வேற மீன் வாங்கிப் போடுய்யா" என்றார் மேலாளர் தோட்டக்காரரிடம்.

போட்டார். டீ ஆறுவதற்குள் அதுவும் மல்லாந்தது.

"மறுபடி வாங்கு."

"கடைக்காரர் இனிமே தரமாட்டாராம் சார். மீன் பாவமாம்."

கெஞ்சிக் கூத்தாடி மீன் வந்தது. மேலாளர் கழிவுநீர்க் குழாயை அடைத்தார். தொட்டியைக் கழுவி, ஊழியர் குடியிருப்புக்குப் போன குடிநீர் லாரியை மடக்கி அதில் ஊற்றினார். மீன்கள் துள்ளின. அடைபட்ட கழிவுநீரோ எதிர்த்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தது. அவருடைய செருப்பு நுரையில் மிதந்து வாசல் தாண்டியது. வேறு வழியில்லாமல் கழிவுநீரை நேரே கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்.

மனைவி போனில் வந்தாள். "குடியிருப்புல சொட்டுத் தண்ணி இல்லங்க. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"ஒரு நாள் பொறுத்துக்கம்மா. என் பொழப்பே ஊசலாடுது."

மறுநாள் அதிகாரி மீன்களைப் பார்த்து அசந்துபோனார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தார்.

"இதைக் குடிக்கவே செய்யலாம் போலிருக்கே" என்றார் முதலாளியிடம்.

முதலாளி மேலாளரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலையில், வந்ததும் வராததுமாக அடைப்பை எடுத்துக் கழிவுநீரைப் பழையபடி தொட்டிக்கே விட்டார் மேலாளர். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். குழாய் ரிப்பேர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இனிமே லாரித் தண்ணிக்குத் தண்டச் செலவு வேணாம்னு முதலாளி சொல்லிட்டார் சார். தொட்டியிலேருந்தே குடியிருப்புக்கு லைன் குடுத்தாச்சு. முதல் குழாய் உங்க வீட்டுக்குத்தான், அம்மா இப்பத்தான் பாப்பாவுக்குப் பால் கலக்கப் பிடிச்சிட்டிருக்காங்க."