அம்பத்தொம்பது அண்ணாச்சி

தென்காசியில் மனிதர்களின் சரியான வயது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எமன். இன்னொருவர் அம்பத்தொம்பது அண்ணாச்சி. இரண்டு பேரில் அண்ணாச்சி ஒரு வருஷம் முந்திக்கொள்வார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஆபீஸ் கமிஷன் செக்கில் மட்டும் அது தலைகாட்டும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அவர் குடியிருந்த சந்திலேயே "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்பார்கள்.

எண்பதுகளின் பின்பாதி. நான் வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, தென்காசியில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் சின்னக் கிளையில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் லாரி, ரைஸ்மில், பஞ்சு குடோன் என்று இன்சூர் செய்துகொண்டிருந்த கம்பெனி, மனிதனுக்கு வருகிற சீக்கையும் இன்சூர் செய்யலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால், ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்போது செலவைக் கம்பெனி கொடுத்துவிடும். கட்டுகிற பணத்துக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்று அரசாங்கமும் அறிவித்தது. எங்கள் பக்கத்தில் வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அதனால் சலுகையைக் கேட்டு யாரும் ஓடிவரவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு நிபந்தனை கறாரானது. அறுபது வயது முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தவர்கள் பிறகு வருஷா வருஷம் கட்டிக்கொண்டே போகலாம். அறுபது தாண்டியவர்களைப் புதிதாக உள்ளே விடமாட்டார்கள்.

மற்ற ஏஜெண்டுகள் எல்லாரும் சம்பளக்காரர்களாகவும் இளவட்டங்களாகவும் பார்த்துத் துரத்தினார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் ஐம்பத்தொன்பது வயதுக்காரர்களாகத் தேடிப் பிடித்தார். "நாப்பது வயசுக்காரன் இன்னும் இருபது வருஷம் யோசிக்கலாம் தம்பி. அம்பத்தொம்பதுக்காரனுக்கு இதுதான் கடைசி பஸ். ஏத்திவிட ஆள் வேண்டாமா?" என்பார்.

ஆகவே அண்ணாச்சி ஒரு வீட்டுப் படியேறினால் அந்த வீட்டுக்காரருக்கு ஐம்பத்தொன்பது என்று அர்த்தம். கறுப்புக் குடையை வாசல் நிலையில் சாய்த்து வைப்பார். "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று கேட்டு வாங்கி, அண்ணாந்து நிதானமாகக் குடிப்பார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப வே அறுபது?" என்பார். குடை தெருமுனையில் தெரிந்தாலே சில வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, இவருக்கு அம்பத்தொம்பதா? நாம அம்பதுன்னுல்லா நெனச்சோம்" என்று சந்தோஷப்படுவார்கள்.

ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தலைக்கும் மீசைக்கும் தவறாமல் சாயம் பூசி, பதினாலு வருஷமாக நாற்பத்தைந்தில் நின்றிருந்தார். கடை நிறைய கூட்டம் இருந்த ஆடி மாதத்தில் அண்ணாச்சி அங்கே போய்க் குடையைச் சாய்த்துவிட்டார். கடைக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"அண்ணாச்சி, ஆளை மாத்தி வந்துட்டிய. எனக்கு அதுக்கெல்லாம் இன்னும் காலம் கெடக்கு."

"சாயம் பூசினா மீசை நம்பிரும். பித்தப்பை நம்புமா வே?"

அவர் இந்தத் தகவல்களை எங்கிருந்து பிடிப்பார் என்பது ஊருக்குப் பெரிய மர்மம். எனக்குத் தெரியும். பாதி ஜோசியரிடமிருந்து. மீதி குற்றாலத்திலிருந்து. சாரல் தொடங்கிவிட்டால் அண்ணாச்சி தினமும் விடியுமுன்னே சைக்கிளில் குற்றாலம் போய்விடுவார். மெயின் அருவியில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார். தண்ணீர் குறைவாக விழுந்தால் அன்று முழுக்க முகம் தொங்கிக் கிடக்கும். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாரும் அவருக்கு சிநேகம். யாருக்கு முட்டு வலி, யாருக்கு மூச்சிரைப்பு என்பது அவர்கள் கைக்குத் தெரியும். "அருவிக்குள்ள வந்துட்டா சாயம், பவுடர், பதவி எல்லாம் போயிரும். மனுசனோட வயசு மட்டும்தான் மிஞ்சும்" என்பது அண்ணாச்சியின் கட்சி.

ஒரு தடவை ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் அருவியில் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்ற அண்ணாச்சி, இரைச்சலில் கேட்காதே என்று, அருவிக்கு மேலே தொண்டையைத் தூக்கிக் கேட்டார்.

"சார்வாளுக்கு மூலம் உண்டுமா?"

குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தாசில்தார் இல்லையென்று தலையாட்டினார். அண்ணாச்சி அதோடு விடவில்லை. "குடலிறக்கம்?" என்றார். தாசில்தார் ஈரத்துண்டோடு கரைக்கு வந்து, டீக்கடை பெஞ்சிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு கேள்வி கேட்காமல் இருந்தால் போதும் என்றாராம்.

அறுபதாங்கல்யாணங்களுக்கு அண்ணாச்சி அழைக்காமலே போவார். போவதாவது பரவாயில்லை. பாலிசி எடுக்காத மாப்பிள்ளையாக இருந்தால், மாலையும் கழுத்துமாக நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருசமே தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டேரா?" என்று தழுதழுப்பார். மங்கல வீட்டுக்கு வந்து துஷ்டி விசாரித்துவிட்டுப் போன ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். பந்தியில் மட்டும் துக்கம் இருக்காது. அப்பளம் கூட ஒன்று கேட்டு வாங்குவார்.

இப்படி ஊரையே இன்சூர் செய்தவர் வீட்டில் பாலிசி கிடையாது. காரணம் மதினி. அண்ணாச்சியின் மனைவியை எங்கள் ஆபீஸில் எல்லாரும் மதினி என்றுதான் சொல்வோம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. போகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார், ஆனால் பாலிசிப் பேச்சை எடுத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"சீக்கு வரும்னு காசைக் கட்டிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்? அது வெத்தலை பாக்கு வச்சு அழைக்க மாதிரில்லா. ஊருக்கு எழுதுங்க. எம் வீட்டுக்குள்ள அந்தத் தாள் வரக்கூடாது."

மதினி சேராமல் தான் மட்டும் சேர அண்ணாச்சிக்கு மனமில்லை. இன்றைக்குச் சம்மதிப்பாள், நாளைக்குச் சம்மதிப்பாள் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அப்படியே அவருக்கும் ஐம்பத்தொன்பது நடக்க ஆரம்பித்துவிட்டது. "அண்ணாச்சி, உங்க வீட்டு நிலையில என்னைக்குக் குடையைச் சாத்தப் போறிய?" என்று ஜவுளிக்கடைக்காரர் பழி தீர்த்துக்கொண்டார்.

அந்த மாசி மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. கொள்கை மாறிவிட்டதாம். ஐம்பது தாண்டியவர்களுக்குப் பிரீமியம் உடனே ஏறுகிறது. ஏப்ரல் முதல், புதிதாகச் சேர்கிற வயது அறுபதிலிருந்து ஐம்பத்தைந்தாகக் குறைகிறது. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மேனேஜர் அதை வாசித்துவிட்டு, "கிழங்களா பார்த்து சேர்த்தா கம்பெனி எப்படி சார் தாங்கும்?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி சர்க்குலரை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பசியேப்பக்காரனைப் பந்தியிலருந்து எழுப்பிட்டு, புளியேப்பக்காரனை உக்கார வைக்கிய சார். சீக்கு வராத வயசுல வா வாங்கது, வருத வயசுல கதவைச் சாத்துதது. இது என்ன நியாயம்?"

மேனேஜருக்குப் புளியேப்பம் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

மார்ச் முழுக்க அண்ணாச்சியின் சைக்கிள் நிற்கவில்லை. கீழப்பாவூர், சுந்தரபாண்டியபுரம் என்று சுற்றி, ஐம்பத்தைந்து தாண்டிய ஆட்களையெல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளினார். பிரீமியம் ஏறியதைச் சொல்லித் திட்டியவர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டார். மார்ச் முடிய இருந்த கடைசி வாரத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க மதினி ஒத்துக்கிட்டா."

எனக்கு நம்ப முடியவில்லை. "எப்படி அண்ணாச்சி?"

"'உங்களுக்கும் எழுதுனாத்தான் எனக்கு'ன்னா. 'ரெண்டு பேருக்குந்தாம்ளா'ன்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டா."

நீட்டிய விண்ணப்பம் ஒன்றுதான் இருந்தது. மதினி பேரில். மதினிக்கு அப்போது ஐம்பத்தேழு. ஏறிய பிரீமியத்தில் அண்ணாச்சி கையில் இருந்த பணம் ஒருவருக்குத்தான் காணும்.

"அண்ணாச்சி, மூத்தவரு நீங்க. முதல்ல உங்களுக்குல்லா போடணும்? மிச்சத்துக்கு நான் தாரேன்."

"கடனை வாங்கிப் பாலிசி எடுத்தா அந்தக் கவலையிலயே சீக்கு வந்திரும்." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நல்லா யோசிச்சுட்டேன் தம்பி. நான் படுத்தா என்னைப் பாக்க அவ இருக்கா. அவ படுத்தா பாக்கதுக்கு யாரு இருக்கா? நான்தான். எனக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாது. அதனால அவளுக்குத்தான் ஆஸ்பத்திரி வேணும்."

விண்ணப்பத்தை என் பக்கம் இழுத்தேன். சீல் வைத்து வாங்கிக்கொண்டேன். ஏப்ரல் பிறந்தது, கதவு சாத்தியது, ஊரையெல்லாம் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் தான் ஏறாமல் நின்றுவிட்டார்.

அந்த வருஷம் சாரலுக்கு அண்ணாச்சி குற்றாலம் வந்தார். ஆனால் அருவிப் பக்கம் போகவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே குடையைப் பிடித்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் தேய்ப்பவர்கள் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துப்போனார்கள். ஊரில் மழைத்தூறல் விழுந்தால் கடைக்குள் ஒதுங்கினார். பஜ்ஜியைத் தள்ளினார். பள்ளம் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார். "அண்ணாச்சிக்கு மூளை கலங்கிப் போச்சு" என்று ஜவுளிக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

தனியாக இருக்கும்போது கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பாலிசி இல்லாதவன் நனையக் கூடாது தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்துக் குடையை வாங்கி அவர் தலைக்கு மேலே நானே பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அவருக்கு அறுபதாங்கல்யாணம். அழைக்காத வீட்டுக்கெல்லாம் போனவர் என்பதால், அவர் அழைக்காமலே ஊர் முழுக்க வந்துவிட்டது. அடைமழை. ஹோமம் முடிந்து தம்பதியை மணையில் உட்கார வைத்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும். ராத்திரியெல்லாம் மழைக்குளிரில் இருந்த பித்தளைக் குடங்கள். தொட்டாலே விரல் விறைக்கும். குருக்கள் முதல் குடத்தைத் தூக்கினார். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"சாமி, இதைக் கொஞ்சம் வெந்நியாக்கி ஊத்தலாமா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அம்பத்தொம்பது வரைக்கும் அருவியில நின்ன மனுசன், அறுபது ஆனதும் வெந்நி கேக்காரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். கலசத்தை அடுப்பில் வைப்பதா என்று குருக்கள் திகைத்து நின்றார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் கழுத்தில் பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்த மஃப்ளர் நுனியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்திருக்கக் கூடாது. குனிந்துவிட்டேன்.

"சாமி, வெந்நியைக் கலந்தே ஊத்துங்க. அவுகளுக்குத் தடுமம் பிடிச்சா நான்தான் பாக்கணும்" என்றார் மதினி. சொல்லிவிட்டுத் தன் சேலைத் தலைப்பை இழுத்து அண்ணாச்சியின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். குருக்கள் வெந்நீர் வரவழைத்துக் கலந்தார். பாதித் தண்ணீர் மதினி மேல்தான் விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து மதினிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன். கம்பெனி ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தது. கஞ்சி விஷயத்தில் அண்ணாச்சி பொய் சொல்லவில்லை என்பதும் அப்போது நிரூபணமானது. அவர் வைத்துக் கொண்டுபோன கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, மதினி ஆஸ்பத்திரி ரொட்டியே போதும் என்றுவிட்டார்.

அதற்கு அடுத்த சாரலில் இரண்டு பேரையும் குற்றாலத்தில் பார்த்தேன். அருவி பாலத்தைத் தொடுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. குடையின் கீழே அண்ணாச்சி, மஃப்ளரோடு. பக்கத்தில் மதினி, அதே மாதிரி ஒரு மஃப்ளரோடு.

"மதினி, நீங்க குளிக்கலாமே? உங்களுக்குத்தான் பாலிசி இருக்கே" என்றேன்.

"நான் நனைஞ்சுட்டு வந்தா, குடைக்குள்ள நிக்கவுகளுக்கு ஈரம் படும்லா" என்றார்.

இப்போதெல்லாம் கொள்கைகள் இன்னும் எத்தனையோ முறை மாறிவிட்டன. பிரீமியம் நோட்டீஸைப் பார்த்தாலே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அண்ணாச்சியும் மதினியும் போய்ப் பல வருஷமாகிறது. அண்ணாச்சி கடைசிவரை ஆஸ்பத்திரிப் படியை மிதிக்காமலே, வீட்டில், மதினி பக்கத்தில் இருக்கவே போனார்.

போன மாதம் எனக்கு ஐம்பத்தொன்பது பிறந்தது. காலையிலிருந்து காரணமில்லாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். "யாரைத் தேடுதிய?" என்று வீட்டில் கேட்டார்கள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து நிலைப்படிப் பக்கம் வைத்தேன்.