கிளெமுக்கு எட்டாத வைஃபை

"இன்னைக்கும் வரலம்மா!" கேரவன் பூங்காவின் அலுவலக ஜன்னலுக்குள் கைப்பேசியை நீட்டினார் கிளெம் பாஸ்கோ. "அடிலெய்டுலேர்ந்து என் பையன் கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். உன் வைஃபை என் வண்டி வரைக்கும் வந்தாத்தானே?"

நெரிடாவுக்குச் சங்கடமாகிவிட்டது. வீட்டு வண்டிகளோடு வருகிறவர்கள் அவற்றை நிறுத்தித் தங்கும் அந்தப் பூங்காவை, கணவன் இறந்தபின் அவள் தனியாக நடத்திவந்தாள். அந்தக் கடற்கரையில் மொபைல் டவர் கிடையாது. அவளுடைய வைஃபைதான் எல்லோருக்கும் கதி. கிளெமோ கடைசி வரிசையில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் கிழவர்.

"கவலைப்படாதீங்க கிளெம், நான் பாத்துக்கறேன்."

வைஃபை பெட்டியைக் கழற்றி, கடைசி வரிசையை ஒட்டியிருந்த கழிப்பறையின் கூரையில் மாட்டினாள். சாயங்காலத்துக்குள் முகாமே கழிப்பறையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை.

"யாருங்க உள்ள? எவ்வளவு நேரம்?" துண்டும் கையுமாக ஒரு பெண் கதவை இடித்தாள்.

"இரும்மா, கடைசி ஓவர் போயிட்டிருக்கு!"

கிளெம் மறுபடியும் ஜன்னலுக்கு வந்தார். "இத்தனை பேரு இழுத்தா என் பையன் எந்தச் சந்துல நுழைவான்?"

நெரிடா கடவுச்சொல்லை மாற்றி அவருக்கு மட்டும் சொன்னாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டிப்போய், அங்கே சிக்னல் பிடித்து, 'இங்கே ஒரே ஒரு தாத்தாவுக்கு மட்டும்தான் இணையம்' என்று ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதிவிட்டு வந்தார்கள். ஈஸ்டருக்குப் பதிவு செய்திருந்தவர்களில் பாதிப் பேர் ரத்து செய்தார்கள். கிளெமோ அப்போதும், "இன்னும் வரலம்மா" என்றார்.

"விட்டுத் தொலையேன்டி" என்றாள் மெர்ல். கழிப்பறைகளையும் அறைகளையும் சுத்தம் செய்கிறவள். நெரிடாவின் பழைய சிநேகிதி.

நெரிடா விடவில்லை. கணவனின் மீன்பிடிப் படகை விற்று, செயற்கைக்கோள் தட்டு வாங்கினாள். பொருத்த வந்தவன் அண்ணாந்து பார்த்தான். "அந்தப் பைன் மரம் மறைக்குது. வெட்டினாத்தான் வரும்."

வெட்டினாள். அதன் நிழலுக்காகவே வருஷா வருஷம் வந்த குடும்பங்கள் வாசலிலேயே வண்டியைத் திருப்பின. ஈஸ்டருக்குப் பூங்காவில் மிஞ்சியது கொளுத்தும் வெயிலும் கிளெமும்தான்.

ஆனால் வைஃபை பறந்தது. அலுவலகத்திலிருந்து வீடியோவில் கிளெமைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எப்படித் தெரியுது கிளெம்?"

"உன் மூக்குல தோல் உரிஞ்சிருக்கறது வரைக்கும் தெரியுதும்மா."

"அப்புறம் என்ன? இனி மகன்கிட்ட ஆசை தீரப் பேசுங்க!"

பண்டிகை முழுக்க கிளெம், தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டீக்கூஜாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. ஜன்னல் பக்கம் அவர் வராததே நெரிடாவுக்குப் பெரிய நிம்மதி.

பண்டிகை முடிந்ததும் கேரவனைக் காரில் பூட்டிக்கொண்டு வந்து, பூங்கா வாசல் சாவியை நீட்டினார்.

"கிளம்பறீங்களா? ஏன்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெற்க ஒரு முகாம் இருக்காமே. அங்க சிக்னலே கிடையாதாம். நிஜந்தானா?"

"நிஜந்தான். ஆனா..."

"அது போதும்." வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

நெரிடாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பாத்தியா மெர்ல்! படகு போச்சு, மரம் போச்சு, வந்தவங்க எல்லாம் போயாச்சு. எல்லாம் இந்தக் கிழவனுக்காகத்தான். வைஃபை சரியானதும் ஓடறாரு!"

மெர்ல் தரை துடைக்கும் துணியைப் பிழிந்தாள்.

"வைஃபை சரியில்ல, வைஃபை சரியில்லன்னு சொல்லிச் சொல்லித்தான்டி அவரு தன் மகன நல்லவனா வச்சிருந்தாரு."