அங்கம்மாவின் நூறு கூடை மீன்

“அங்கம்மா நடந்தாள், அங்கம்மா சிரித்தாள் என்று படர்க்கையில் எழுத வேண்டும், அம்மா” என்று நிலவன் மறுபடியும் போனில் தட்டினான்.

“அங்கம்மா ஏன் நைனா நடக்கணும்? ஆட்டோ கீது” என்று பதில் வந்தது.

நிலவன் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பகலில் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் ஆழிநாட்டின் அரசன். ஆழிநாடு என்பது போனில் எழுதியே ஆடுகிற விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தன் ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று குழுவில் எழுத வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு நிலவன் அள்ளிவிடும் அறிவுரைகளைப் படித்தே முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுவார்கள்.

ஆள் பிடிக்க யார்டு வாட்ஸப் குழுவில்கூட அழைப்பைப் போட்டுப் பார்த்துவிட்டான். கடற்கொள்ளைக்காரியாக ஆடும் மகிழினி கறாராகச் சொல்லிவிட்டாள்: “இந்தப் புது ஆளும் ஓடிட்டா கடையைச் சாத்திடலாம் நிலவா.” பெட்டி நம்பரை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த நாடுதான். அதுவும் போய்விடக் கூடாது.

அதனால்தான் புதிதாக மீன்காரி வேடத்தில் சேர்ந்த அங்கம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினான்.

“எதிராளியை நீங்களே வெட்டிவிடக் கூடாது. வெட்டப் பார்த்தாள் என்று மட்டும் எழுதுங்கள். தப்பிப்பதும் சாவதும் அவர் இஷ்டம்.”

“நான் ஏன் ஆள வெட்டறேன்? மீன வெட்டவே நேரமில்ல.”

அதற்குள் மகிழினியின் கொள்ளைக்காரி பாய்ந்து வந்து அங்கம்மாவின் கழுத்தில் வாளை வைத்தாள்.

“கத்தி நல்லா கீதே கண்ணு. குந்து. இந்த சங்கரா மீனுக்குச் செதில் எடு” என்றாள் அங்கம்மா.

கொள்ளைக்காரி உட்கார்ந்து செதில் எடுத்தாள். குழுவே கைதட்டியது. நிலவனுக்குத் தலைகால் புரியவில்லை. அரசன் உடனே ஆணையிட்டான்: “அரண்மனை விருந்துக்கு நூறு கூடை மீன் வரட்டும்.”

“ஐஸ் போட்டு வண்டில ஏத்தியாச்சி. அரண்மனை எந்தத் தெருல கீது?”

நிலவன் அதை இரண்டு முறை படித்தான். அந்தம்மா நிஜமான மீன்காரியா? அழைப்பு எங்கெங்கோ சுற்றி, மீன் வியாபாரக் குழு என்று நம்பி வந்து மாட்டிக்கொண்டாளா?

தனியாக ஒரு செய்தி அனுப்பினான். “அம்மா, இது வெறும் விளையாட்டு.”

“நீ வெளையாட்டா சொன்னா மீனு கெட்டுப்போவாதா நைனா?”

ஆணையை ரத்து செய்ய அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அரசனைக் கொன்றான். “அரசர் மாரடைப்பால் காலமானார். விருந்து கிடையாது.”

“அய்ய, பாவமே. சாவு வூட்ல கவிச்சி ஆவாதே. பரவால்ல, கருமாதி முடியட்டும். மீன ஐஸ்ல வெச்சிகினு காத்துகினு இருக்கேன்.”

இதற்கிடையில் அரசர் சாவுக்கு ஊரே திரண்டுவிட்டது. எப்போதோ ஓடிப்போனவர்களெல்லாம் ஒப்பாரி வைக்கத் திரும்பி வந்தார்கள். ராயபுரம் அத்தாவுல்லா, அரசருக்கு மூத்த மகன் நான்தான் என்று வந்து நின்றார். ஆழிநாடு இப்படி ஜேஜே என்று இருந்ததே இல்லை. செத்த அரசனுக்குத்தான் சந்தோஷப்படக் கொடுத்துவைக்கவில்லை. யாரோ ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தான்.

யார்டு வாசலில் செக்யூரிட்டி குணசுந்தரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். “இன்னா சார், ஒரே பேஜாரா கீறீங்க?”

விளையாட்டு, அங்கம்மா, நூறு கூடை என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்தான். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

“நேர்ல போயி மன்னிப்பு கேளுங்க சார். காசிமேட்டுல விசாரிச்சா காட்டுவாங்க.”

மறுநாள் காலையில் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போய், “அங்கம்மா இருக்காங்களா?” என்று கேட்டான். ஏழெட்டுத் தலைகள் திரும்பின. ஒவ்வொரு அங்கம்மாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். கடைசி அங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எவனோ ராஜாவுக்குக் கருமாதி ஆவட்டும்னு நூறு கூட மீன வெச்சிகினு எவளாச்சும் குந்திகினு இருப்பாளா? காலங்காத்தால வந்துட்டு சும்மா போவாத. ரெண்டு சங்கரா எடுத்துக்கினு போ.”

கையில் மீன் பையோடும் மனதில் பாரத்தோடும் நேராக வேலைக்கு வந்தான். வழக்கம்போலப் பையைச் சோதிக்க வாங்கிய குணசுந்தரி, அதைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அப்பால எடுங்க சார். அங்கம்மாவா எழுதறப்பவே எனக்கு மீனு வாடை கொமட்டிகினு வருது.”