இடது பக்கம் ஆணி

நான் சொல்லும் கதைகளில் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது உண்டு, மறுக்கவில்லை. இதில் மட்டும் அப்படி ஒரு சொல்கூட இல்லை, சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். காபியாவது மிஞ்சும்.

ஹாப்சலு என்ற கடலோர ஊரில் பனி கொட்டத் தொடங்கிய பிறகும் இல்மாரின் கார் கோடைக்கால டயரில்தான் நின்றது. கஞ்சத்தனம் இல்லை. பனியில் ஓட்ட ஆணி பதித்த டயரா, ஆணியில்லாத மெத்து டயரா என்று அவனால் முடிவெடுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையிலும் டயர்ப் பத்திரிகைதான். ஒருநாள் மீன் என்று நினைத்து ஒரு பக்கத்தையே முள்கரண்டியால் குத்தித் தின்றான். உப்பு கொஞ்சம் குறைவு என்றும் சொன்னான்.

அன்றே அவன் மனைவி லெய்டா பெட்டியைக் கட்டினாள்.

"நாலு டயரை மாட்டு. அந்தக் கார்லயே வந்து என்னைக் கூப்பிடு. ஈஸ்டருக்குள்ள வரலன்னா எங்கம்மா வீட்டுலயே இருந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, ஹீயுமா தீவுக்குக் கப்பலேறிவிட்டாள்.

இல்மார் யோசனை கேட்கப் போனான். அதுதான் வினை. லெய்டாவின் அண்ணன் கார்ல், ஆணியில்லாத டயர் போட்டவனைத் தன் தங்கை திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்றான். இல்மார் வேலை பார்த்த மீன் ஆலையின் முதலாளி எவால்ட், ஆணி டயர் தன் முற்றத்தைக் கீறினால் வேலை போய்விடும் என்றார். மச்சானைப் பகைத்தால் மனைவி இல்லை. முதலாளியைப் பகைத்தால் மனைவி வந்தும் பயனில்லை.

இல்மார் முன்னால் இரண்டு ஆணி, பின்னால் இரண்டு மெத்து என்று மாட்டினான். முதல் வளைவில் காரின் முன்பாதி திரும்பியது. பின்பாதி அதை முந்திக்கொண்டு போனது. ஆலைக்குள் பின்பக்கமாகவே வந்து நின்றான். இவ்வளவு கச்சிதமாக நிறுத்த யாருக்கும் வராது என்று எவால்ட் பாராட்டினார்.

மாற்றிப் போட்டான். இப்போது கார் திரும்பவே மறுத்தது. கடைக்குப் புறப்பட்டவன் நேராகத் தேவாலயத்துக்குள் போய் நின்றான். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பின்பக்கமாக வெளியேறினான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. இடது பக்கம் இரண்டும் ஆணி, வலது பக்கம் இரண்டும் மெத்து.

பிப்ரவரியில் கடல் உறைந்து இறுகி, அதன்மேல் தீவுக்குச் சாலை திறந்தார்கள். தடுப்புக்கட்டையில் நின்ற பெண் வழக்கம்போல் சீட் பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். பனி உடைந்தால் குதிக்க வேண்டுமே. பிறகு டயர்களைப் பார்த்தாள்.

"இது காரா, கூட்டணி ஆட்சியா?"

"ரெண்டு தரப்பும் சந்தோஷமா இருக்கணும்ல."

"அப்ப உன் சந்தோஷம்?"

"அது தீவுல இருக்கு."

அவள் கட்டையைத் தூக்கினாள்.

நடுக்கடல் வரை தொந்தரவில்லை. அங்கே ஒரு கடற்காக்கைக்கு வழிவிட லேசாக ஒதுங்கினான். இடது பக்கம் பிடித்துத் தள்ள, வலது பக்கம் வழுக்க, கார் வட்டமடிக்கத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தினால் எதிர்ப்பக்கமாக வட்டமடித்தது. முதல் வட்டமே தேவலை என்று காலை எடுத்துவிட்டான்.

சுற்றச் சுற்ற ஆணிகள் பனியை அறுத்தன. கடைசியில் காரோடு சேர்த்து ஒரு பெரிய வட்டம் தனியே கழன்றது. மேலே கார் ஒரு பக்கம் சுற்ற, கீழே பனித்தட்டு மறுபக்கம் சுற்ற, அது ரம்பம் மாதிரி கடலை அறுத்துக்கொண்டு மேற்கே கிளம்பியது. இல்மார் கையோடு கொண்டுவந்த கறுப்பு ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டான். வேறென்ன செய்ய?

தட்டு போய் முட்டிய இடம் மாமியார் வீட்டுச் சானா என்ற ஆவிக்குளியல் அறையின் படிக்கட்டு. துண்டைக் கட்டிக்கொண்டு ஆவி பறக்க வெளியே வந்த மாமியார் கடலையும் காரையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. பூட்ஸ்ல இருக்கற பனியைத் தட்டிட்டு உள்ள வாங்க."

லெய்டா வந்தாள். காரை ஒருமுறை சுற்றி வந்தாள். இல்மார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதான் நீ எடுத்த முடிவா?"

"ரெண்டும் வேண்டாம் லெய்டா. காரை வித்துடறேன். இனிமே சைக்கிள்தான்."

லெய்டா உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள்.

"சைக்கிளுக்கும் இப்ப ஆணி டயர் வந்திருக்காமே," என்றார் மாமியார். லெய்டா அம்மாவை முறைத்துவிட்டுக் காரில் ஏறினாள். காற்று திசை மாறியிருந்ததால் தட்டு தானாகவே திரும்பியது.

நான் இதைச் சொல்லி முடித்தபோது, அந்தத் தீவுக்குக் காலங்காலமாகக் கப்பல் ஓட்டும் ஆகோ தன் காபியைக் கீழே வைத்தார்.

"லெய்டா என் கப்பல்லதானே திரும்பி வந்தா," என்றார். "நாலு ஆணி டயரை அவளே வாங்கி உருட்டிக்கிட்டு. அந்த வருஷம் கடல் உறையவே இல்ல."