ஜிட்டர் அளக்கப் போயி பிரெஞ்சுல மாட்டுனேன்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு போர்டை மெஷின்ல மாட்டி, ஜிட்டர் எவ்வளவுன்னு பாத்து எழுதணும்.

ஜிட்டர்னதும் பயந்துடாதீங்க. எலக்ட்ரானிக் போர்டுக்குள்ள ஒரு துடிப்பு ஓடிக்கிட்டே இருக்கும். அது ஒரே சீரா வரணும். நெல்லித்தோப்புல நான் ஏறுற டெம்போ மாதிரி கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் வந்தா, அந்தத் தடுமாற்றத்துக்குப் பேருதான் ஜிட்டர். அவ்வளவுதான் விஷயம்.

இது கம்ப்யூட்டர் மானிட்டரெல்லாம் டிவிப் பெட்டி சைஸ்ல இருந்த காலம். பாண்டிச்சேரி உழவர்கரைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில நான் டெஸ்டிங் இன்ஜினியர். புரபேஷன் முடியப் போற நேரம். மதியம் சென்னையிலருந்து கஸ்டமர் கம்பெனி இன்ஜினியர் வர்றதா இருந்துச்சு.

மேனேஜர் காலையிலேயே கூப்பிட்டாரு.

"ரீடிங் ஒழுங்கா வந்து அவரு கையெழுத்து போட்டுட்டா ஆர்டர் நமக்கு. நீயும் பர்மனென்ட். சொதப்பினேன்னா ஆர்டரும் கெடையாது, வேலையும் கெடையாது. புரியுதாம்மா?"

"புரியுது சார்."

"செட்டிங்ஸ் எல்லாம் சர்வீஸ் ஆளு போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. நீ எதையும் தொடாத. ஸ்டார்ட்டை மட்டும் அமுக்கு."

சொல்லிட்டு, சென்னைக்காரரைக் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டாரு.

ஸ்டார்ட்டை மட்டும் அமுக்கிட்டு உக்காந்திருக்கற ஜென்மமா நான்? சாஃப்ட்வேரைத் திறந்து மெனுவை மேய ஆரம்பிச்சேன். ஒரு மூலையில லாங்குவேஜ்னு இருந்துச்சு. உள்ள போனா ஏழெட்டு மொழி. தமிழ் இல்ல. பிரெஞ்சு இருந்துச்சு. பாண்டிச்சேரியில உக்காந்துக்கிட்டு பிரெஞ்சைத் தொடாம எப்படிப் போறது? தொட்டேன்.

மொத்த ஸ்கிரீனும் பிரெஞ்சு ஆயிடுச்சு.

இந்த எடத்துல என் பிரெஞ்சைப் பத்தி சொல்லியாகணும். மார்க்கை அள்ளிப் போடுவாங்கன்னு ஸ்கூல்ல பிரெஞ்சு எடுத்தவ நான். அள்ளித்தான் போட்டாங்க. அந்தத் தைரியத்துல பயோடேட்டாவுல தெரிஞ்ச மொழிகள்னு தமிழ், இங்கிலீஷோட பிரெஞ்சையும் சேத்துட்டேன். இன்டர்வியூல மேனேஜர் அதைப் பாத்துட்டு "பரவாயில்லையே"ன்னு வேற சொன்னாரு. உண்மையில எனக்குச் சொல்லத் தெரிஞ்சது என் பேரு, என் வயசு, அப்புறம் பூனை மேஜை மேல இருக்கு.

அந்த மெனுவுல பூனையும் இல்ல, மேஜையும் இல்ல.

குத்துமதிப்பா அமுக்கினேன். ஒரு பெட்டி திறந்துச்சு. அதை மூடலாம்னு அமுக்கினா இன்னொரு பெட்டி திறந்துச்சு. பெட்டி மேல பெட்டியா அடுக்கிட்டு நான் முழிச்சிட்டிருக்கறப்ப ஸ்டோர்ஸ்ல இருக்கற பர்வீன் அக்கா எட்டிப் பாத்தாங்க.

"என்னடி, பேயடிச்சவ மாதிரி உக்காந்திருக்க?"

"மெஷின் பிரெஞ்சுல பேசுதுக்கா."

"நீதான் பிரெஞ்சு படிச்சவளாச்சே. பேசு."

நான் அமுக்கினதுல இன்னொரு பெட்டி திறந்துச்சு. அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு. "பக்கத்து வீட்டு சொல்தாவைப் போயி கூப்பிடு. சார் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்"னாங்க.

பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவாங்க. நேர்ல கூப்பிடும்போது மிசியே. ஓடிப்போயி விஷயத்தைச் சொன்னேன். லுங்கியில இருந்தவரு, "ஆபீசுக்கு இப்பிடியே வர முடியுமா?"ன்னு கேட்டுட்டு உள்ள போனாரு. ஷேவ் பண்ணி, முழுக்கை சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, சென்ட் அடிச்சி வர்றதுக்குள்ள எனக்கு உயிர் பாதி போயிடுச்சு.

வந்து உக்காந்து, கண்ணாடியை மாட்டி, ஸ்கிரீனை ரசிச்சிப் படிச்சாரு.

"நல்ல பிரெஞ்சும்மா. எழுதுனவன் நல்லா படிச்சவன்."

"மிசியே, மொழியை மாத்துற எடம் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க."

"இரு இரு. இது என்னமோ கேக்குது. முதல்ல அதுக்குப் பதில் சொல்லணும்ல?"

"என்ன கேக்குது?"

"எல்லா செட்டிங்ஸையும் கம்பெனியிலருந்து வந்தப்ப இருந்த மாதிரி மாத்திட விரும்புறீங்களான்னு கேக்குது. எவ்வளவு மரியாதை பாரு. இவ்வளவு மரியாதையா கேட்டா வுய்னுதாம்மா சொல்லணும்."

வுய்னா சரின்னு எனக்கே தெரியும். "வேணாம் மிசியே"ன்னு நான் கையைப் புடிக்கறதுக்குள்ள அமுக்கிட்டாரு.

ஸ்கிரீன் ஒரு தடவை இருட்டாகி வெளிச்சமாச்சு. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அவரு கால்ல விழலாம் போல இருந்துச்சு. சர்வீஸ் ஆளு பாத்துப் பாத்து போட்டு வச்ச செட்டிங்ஸும் அதோட போயிருக்கும்னு அந்த நேரத்துல யாருக்குத் தோணும்? வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. கைக்குக் கிடைச்ச போர்டை எடுத்து மாட்டினேன்.

மேனேஜரும் சென்னைக்காரரும் உள்ள வந்தாங்க. மிசியே எழுந்து ரெண்டு பேருக்கும் கை குடுத்து "போன்ழூர்"னு பிரெஞ்சுல வணக்கம் சொன்னாரு.

"இவரு யாரும்மா?"

"பக்கத்து வீடு சார். சும்மா பாக்க வந்தாரு."

ஸ்டார்ட்டை அமுக்கினேன். ஜிட்டர் கிட்டத்தட்ட ஜீரோன்னு வந்துச்சு. மேனேஜர் முகத்துல அப்படி ஒரு பூரிப்பை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. "எங்க குவாலிட்டியே இப்பிடித்தான் சார்"னாரு. சென்னைக்காரர் பாக்கெட்லருந்து பேனாவை எடுத்தாரு.

அப்பதான் போர்டை சரியா பாத்தேன். ஓரத்துல சிவப்பு ஸ்டிக்கர். முந்தின நாள் நானே டெஸ்ட் பண்ணி, கன்னாபின்னான்னு ஆடுதுன்னு ரிஜெக்ட் பண்ணின போர்டு. அதுக்குத்தான் ஜீரோ.

வாயை மூடிக்கிட்டு இருந்தா கையெழுத்து விழும், நான் பர்மனென்ட். அந்த ஸ்டிக்கர் என் பக்கம்தான் இருந்துச்சு, வேற யாருக்கும் தெரியல. கட்டை விரலால மூடிக்கூட பாத்தேன். மனசு கேக்கல.

"சார், இந்த ரீடிங் தப்பு."

மேனேஜர் என்னைப் பாத்த பார்வையை எழுத எனக்கு எந்த மொழியும் தெரியாது.

சென்னைக்காரர் பேனாவை மூடிட்டு மவுசைப் புடிச்சாரு. "ஆவரேஜ் ஆன்ல கிடக்கு. நெறைய தடவை அளந்து சராசரி எடுத்தா முந்தினதும் பிந்தினதும் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிடும். எந்த போர்டை மாட்டினாலும் ஜீரோ மாதிரிதான் காட்டும். செட்டிங்ஸை யாரு அழிச்சது?"

மிசியே பட்டாளத்துல நிக்கற மாதிரி விறைப்பா எழுந்து நின்னாரு.

"நான்தான் வுய் குடுத்தேன். இந்தப் பொண்ணுக்கு பிரெஞ்சு தெரியாதாம். பாவம்."

ஸ்டோர்ஸ் பக்கம் பர்வீன் அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போனாங்க.

சென்னைக்காரர் ஆவரேஜை ஆஃப் பண்ணி, மத்த செட்டிங்ஸையும் அவரே போட்டு, நல்ல போர்டு ஒண்ணை மாட்டச் சொன்னாரு. ஜீரோ எல்லாம் இல்ல. ஆனா லிமிட்டுக்குள்ள அழகா வந்துச்சு. கையெழுத்து போட்டுட்டு மேனேஜர்கிட்ட சொன்னாரு. "தப்பான ரீடிங்கைத் தப்புன்னு சொல்ற ஆளு உங்ககிட்ட இருக்காங்க. எனக்கு அது போதும்."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மேனேஜருக்கும் லேசா வந்த மாதிரிதான் இருந்துச்சு, காரணம் வேறயா இருக்கலாம்.

அந்த மாசமே நான் பர்மனென்ட் ஆனேன். அதே வாரம் செட்டிங்ஸ் மெனுவுக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டாங்க. மேனேஜருக்குத் தெரியும், பர்வீன் அக்காவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மிசியேவுக்குக்கூடத் தெரியும், டெஸ்டிங் இன்ஜினியருக்கு மட்டும் இன்னி வரைக்கும் தெரியாது.