கண்ணடித்த கார்

"அப்பா, ஒண்ணுமே ஓடாத கொழாய் எதுக்குப்பா?"

தனுஷா ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது பட்டறையில் நின்று இப்படிக் கேட்டாள். அவள் அப்பா, கள்ளக்குறிச்சி டிராக்டர் மெக்கானிக் தீனதயாளன், அன்று சிரித்து மழுப்பிவிட்டார். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்தக் கேள்வி மட்டும் பத்தொன்பது குழாய்களாகப் பெருகி அவர் முன்னால் கிடந்தது.

கார் வெற்றிவேலுடையது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, நாற்பது வயது. முன்விளக்குகள் வேண்டும்போது எழுந்து நிற்கும், வேண்டாதபோது படுத்துக்கொள்ளும். மலைக்காரனான வெற்றிவேல் இப்போது கள்ளக்குறிச்சியில் வீடு எடுத்து அம்மா பெரியம்மாளுடன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவுக்கு அம்மாவை இந்தக் காரில் கல்வராயன் மலைமேல் அழைத்துப் போகவேண்டும் என்பது அவன் ஆசை.

என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையை விளக்குக்கும் பிரேக்குக்கும் கொண்டுபோகிற மெல்லிய ரப்பர் குழாய்கள் அவை. வேக்குவம் ஓஸ் என்பார்கள். தொட்டால் பழைய முறுக்குபோல் நொறுங்கின. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டபிறகுதான், எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்கவில்லையே என்பது தீனதயாளனுக்கு உறைத்தது.

எதிர்ப் பட்டறைக் கார் மெக்கானிக் ராஜாங்கம் டீ கிளாஸோடு வந்தார்.

"இன்னா தீனா, இடியாப்பம் புழியறியா?"

"ஞாயித்துக்கெழம இது மலையேறும். ஏறலேன்னா இனிமே நான் ஸ்பேனரத் தொடமாட்டேன்."

"கேட்டுக்கினீங்களா எல்லாரும்?" என்றார் ராஜாங்கம். டீக்கடையே கேட்டுக்கொண்டது.

கரும்புத் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் ஒரு சுருள் பட்டறையில் இருந்தது. திங்கட்கிழமை அதை வெட்டி மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. கால் மணி நேரத்தில் என்ஜின் சூட்டில் மெழுகுபோல் உருகிப் புகைந்தது.

பெரியம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். "ஆவலியா தம்பி? போனாப் போவுது. தெனை உருண்டை துன்னு." அவள் முகம் மலர்ந்திருந்தது.

'ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, பெற்ற மனசு!' என்று தீனதயாளன் கலங்கிப்போனார்.

செவ்வாய்க்கிழமை மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் குழாய். சூட்டைத் தாங்கியது. ஆனால் என்ஜின் உறிஞ்சியதும் உள்ளே ஒட்டித் தட்டையாகி, வண்டி மூச்சடைத்து நின்றது. அன்று பெரியம்மாள் பணியாரம் கொண்டுவந்தாள். முதல் நாளைவிட ஜாஸ்தி.

புதன்கிழமை சேலத்திலிருந்து சரியான ரப்பர் குழாய் பஸ்ஸில் வந்து இறங்கியது. மாட்டினார். என்ஜின் ஓடியது. பிரேக்கை மிதித்தார். இடது விளக்கு மட்டும் எழுந்து, படுத்தது. மறுபடி மிதித்தார். மறுபடி எழுந்து, படுத்தது.

சந்தைப் பையோடு போன ஒரு பெண் நின்றாள்.

"யோவ், யாரப் பாத்துக் கண்ணடிக்கிற?"

"நான் இல்லீங்க, காருங்க!"

"ஓ, காரை வுட்டுக் கண்ணடிக்கிறியா? வூட்ல பொம்பள இல்ல?"

ராஜாங்கம் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

வியாழக்கிழமை அந்த ஒன்றைச் சரிசெய்யப்போய் நான்கு கெட்டன. இரண்டு விளக்கும் ஓயாமல் சிமிட்டின. பிரேக் கல்லாக இறுகிவிட்டது.

"வுட்ருங்கண்ணே," என்றான் வெற்றிவேல். "நாங்க பஸ்லயே போயிக்கிறோம்."

தீனதயாளன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெரியம்மாள் எலுமிச்சை சாதம் நீட்டினாள்.

"சோறு எறங்காதும்மா. இருவத்தஞ்சு வருசத் தொழில். நாளைலேர்ந்து இன்னா பண்ணுவன்னு தெரியல."

அன்றுதான் முதன்முறையாக அவள் முகம் வாடியது. தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை விபூதி பூசிக்கொண்டு பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஒன்றுமே ஓடாத குழாயில் அப்படி என்னதான் போகிறது? ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். விளக்கு மெல்ல எழுந்தது. இழுவை! அது புறப்படும் இடம் என்ஜின். அப்படியானால் அங்கேயிருந்து அல்லவா தொடங்கவேண்டும்?

சுவரில் கரித்துண்டால் மரம்போல் வரைந்தார், வேரில் என்ஜின். ஒவ்வொன்றாக, வளைவு மடங்காமல், சூடான இடத்தை ஒதுக்கி, உறிஞ்சிப் பார்த்துப் பார்த்துச் சொருகினார். மதியம் பத்தொன்பதாவதும் முடிந்தது. சாவியைத் திருகினார். என்ஜின் பூனைபோல் உறுமியது. பிரேக் இதமாக இறங்கியது. விளக்குகள் சொன்னபடி எழுந்து, சொன்னபடி படுத்தன.

"வெற்றிவேலு, உங்கம்மா எங்க? அவங்கதான் மொதல்ல பாக்கணும்."

"காலைலயே பஸ் ஏறிப் போயிடுச்சுண்ணே. எங்கேன்னு சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டைஊசி வளைவுகளில் சிவப்புக் கார் ஒருமுறைகூட இருமாமல் ஏறியது. பின்னால் பைக்கில் தீனதயாளன்; அவர் முதுகுக்குப் பின்னால், நேரில் பார்த்தே தீருவேன் என்று ராஜாங்கம். மலையூரில் மேளம் கொட்டிப் பெரியம்மாளை இறக்கினார்கள். ராஜாங்கம் தன் தோள் துண்டை எடுத்துத் தீனதயாளனுக்குப் போர்த்தினார்.

"ஒத்துக்கினேன்யா. இத்தினி வருசம் ஒன்ன டிராக்டர்லயே கட்டிப் போட்டுட்டானுங்க."

தீனதயாளன் நெஞ்சை நிமிர்த்திப் பெரியம்மாளிடம் போனார். "பாத்தீங்களாம்மா? வண்டி வராதோன்னு பயந்துட்டீங்க இல்ல?"

அவள் அவரை வேப்பமரத்தடிக்கு இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் ஓட்டற வேகத்துக்குப் பயந்துக்கினு, வண்டி கெளம்பவே கூடாதுன்னு கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிகிட்டயே பிராதுச் சீட்டு எழுதிக் கட்டனதே நாந்தான் தம்பி, ஒன் மொகத்தப் பாக்க முடியாமத்தான் வெள்ளிக்கெழம போயி வாபஸ் வாங்கிக்கினு வந்தேன்."

எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம், தீனதயாளன் தனியாகக் காரின் மூடியைத் திறந்தார். அழுத்தி மிதிக்கும்போது வண்டியைச் சீறவைக்கிற மெல்லிய குழாயை மட்டும் கழற்றி, அதன் வாயை ஒரு சின்னத் திருகாணியால் அடைத்தார். நாளைக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளலாம். மூடியை ஓசையில்லாமல் சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு பந்திக்குப் போனார்.